ஏகபோகம் வளர்வது சந்தையாலா, அரசாங்கத்தாலா? பட்டிமன்றத்துக்குச் சான்றுகள் வேண்டும்

செம்மண்சாலை:

வணக்கம். சுங்கை சிப்புட்டுல எங்க இளைஞர் மன்றம் தீபாவளிக்கு முன்னால ஒரு பட்டிமன்றம் வைக்குது. "ஏகபோகம் பெரிதும் வளர்வது கட்டற்ற சந்தையாலா, அரசாங்கத் தலையீட்டாலா?" இதுதான் தலைப்பு. நான் அரசாங்கத் தலையீட்டு அணி. ஒரு ஏகபோகம் நாலு வருஷம் தாக்குப்பிடிக்கணும்னா அதுக்குப் பின்னால அரசாங்கத்தோட கை இருந்தே ஆகணும்னு நான் வாதாடணும்.

உணர்ச்சியா பேச ஆள் இருக்காங்க. ஆண்டு, எண், சட்டம் எல்லாம் பிசகாம சொல்லத்தான் உதவி வேணும். அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிக் கதையே வேண்டாம், நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்ச பொருளா எடுங்கன்னு நடுவர் முன்கூட்டியே சொல்லிட்டார். அரிசிக்கு பெர்னாஸ்னு ஒண்ணு கையில இருக்கு, அரிசி இறக்குமதித் தனியுரிமை உள்ள கம்பெனி. அது மட்டும் போதுமா? எதிரணி, "லைசன்ஸே தேவைப்படாம ஒரே ஆலை, ஒரே இணையக் கம்பெனி, ஒரே வாடகைக்கார் செயலின்னு வந்துடுச்சே"ன்னு மடக்கினா என்ன பதில்? தோட்ட வரலாற்றிலேருந்தும் ஏதாவது கிடைக்குமா?

பழைய கிராணி:

தம்பி, பெர்னாஸைப் பிறகு பார்க்கலாம். பால்மரத்திலிருந்து தொடங்குங்கள். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டது 1877இல். பேராக்கில் பேசும்போது அதைச் சொன்னால் அவை நிமிர்ந்து உட்காரும்.

உங்கள் அணிக்கு வேண்டிய சான்று 1920க்கும் 1942க்கும் இடையில் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் ரப்பர் விலை சரிந்தது. லண்டனில் இருந்த தோட்ட முதலாளிகளின் ரப்பர் உற்பத்தியாளர் சங்கம், 1920 நவம்பர் முதல் உறுப்பினர்கள் அனைவரும் உற்பத்தியை 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று தானாக ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அரசாங்கம் இல்லை, சட்டம் இல்லை; வியாபாரிகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. அது நிற்கவில்லை. காரணம் எளிது. எல்லாரும் குறைத்து விலை ஏறினால், குறைக்காமல் பால் எடுத்தவனுக்குத்தான் முழு லாபம். சங்கத்தில் சேராத சிறுதோட்டக்காரர்கள் வழக்கம்போல மரம் சீவினார்கள். டச்சுக்காரர் ஆண்ட சுமத்ராவிலும் போர்னியோவிலும் சிறுதோட்டக்காரர்கள் காது கொடுக்கவில்லை. 1922க்குள் உடன்பாடு செத்துவிட்டது.

அதே முதலாளிகள் அதன்பிறகு காலனி அமைச்சிடம் போனார்கள். சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் குழு அமைந்தது. 1922 நவம்பர் 1 முதல் மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு சட்டமானது. அது இயங்கிய விதத்தைக் கவனியுங்கள். 1919 நவம்பர் முதல் 1920 அக்டோபர் வரை ஒரு தோட்டம் எடுத்த அளவு அதன் 'நிலையான உற்பத்தி'. முதல் காலாண்டில் அதில் 60 விழுக்காட்டை மட்டுமே குறைந்த தீர்வையில் ஏற்றுமதி செய்யலாம். அதற்கு மேல் அனுப்பினால் கட்டுப்படியாகாத அளவுக்குத் தீர்வை. லண்டனில் மூன்று மாதச் சராசரி விலை ஒரு பவுண்டு எடைக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸைத் தாண்டினால் அளவைத் தளர்த்துவார்கள், குறைந்தால் இறுக்குவார்கள். 1925இல் விலை 4 ஷில்லிங்கைத் தாண்டியது.

சங்கம் சொன்னபோது யாரும் கேட்கவில்லை, சுங்கத்துறை சொன்னபோது கேட்டார்கள். உங்கள் வாதத்தின் முதுகெலும்பு இதுதான்.

ஆனால் கட்டுப்பாடு மலாயாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே என்பதால் வெளியில் இருந்தவர்கள் கொழித்தார்கள். டச்சுக் கிழக்கிந்தியாவில் சிறுதோட்டக்காரர்கள் நட்டுத் தள்ளினார்கள். அமெரிக்கர்கள் பழைய டயர்களை உருக்கி மீண்டும் பயன்படுத்தினார்கள். ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுக்குப் போனது, ஃபோர்டு பிரேசிலில் காட்டை வெட்டினார். 1928 நவம்பர் 1ஆம் தேதியோடு திட்டம் கைவிடப்பட்டது. பாடம் படித்துக்கொண்டு 1934இல் பிரிட்டன், ஹாலந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் அரசுகளே கையெழுத்திட்டு அனைத்துலக ரப்பர் ஒழுங்குமுறை உடன்பாட்டைக் கொண்டுவந்தன. புது நடவுக்கே தடை. ஏற்றுமதிக்குக் கூப்பன். அது ஜப்பானியர் வரும்வரை நின்றது.

அடி விழுந்தது யாருக்கு? சிறுதோட்டக்காரர்களுக்கு. பொருளியல் அறிஞர் பி. டி. பாவர் மலாயாவுக்கு வந்து ஆராய்ந்து, அவர்களுடைய விளைச்சலைக் குறைத்து மதிப்பிட்டே ஒதுக்கீடு தரப்பட்டது என்று காட்டினார். புது நடவுத் தடையும் அவர்களைத்தான் கூடுதலாக நெருக்கியது, ஏனென்றால் பெரிய தோட்டம் பழைய மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்யலாம், மூன்று ஏக்கர்க்காரனுக்கு மரத்தை வெட்டினால் ஐந்தாறு வருடம் சோறு இல்லை. இந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். ஏகபோகக் கட்டுப்பாடு என்றால் வாங்குபவன் மட்டும்தான் ஏமாறுகிறான் என்று பலர் நினைக்கிறார்கள். கதவு சாத்தப்பட்டதால் வெளியே நின்ற சின்ன உற்பத்தியாளனும் ஏமாந்தான்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டீவன்சன் திட்டம் தனி ஒருவரின் ஏகபோகம் அல்ல, பல விற்பனையாளர்களின் கூட்டுக் கட்டுப்பாடு. நடுவர் அந்த வேறுபாட்டைப் பிடிப்பார். நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

ரேம்ப் கணக்கு:

கிராணி ஐயா சொன்னதுல ஒரு எழுத்தையும் மறுக்கல. ஆனா இன்னைக்கு ஊரைச் சுத்தி நிக்கிறது பால்மரம் இல்ல, பாமாயில் தர்ற செம்பனை. எதிரணியில கொஞ்சம் விவரமான ஆள் இருந்தா செம்பனையைத்தான் எடுப்பாங்க. அதனால தம்பி முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கணும்.

குலை மரத்துலேருந்து விழுந்ததும் கெட ஆரம்பிக்குது. அடிபட்ட பழத்துக்குள்ள இருக்குற லைப்பேஸ் நொதி எண்ணெயை உடைச்சு கொழுப்பமிலத்தை ஏத்திக்கிட்டே இருக்கும். ஆலையில நீராவிக் கலத்துக்குள்ள ஏறக்குறைய 3 பார் அழுத்தத்துல வேகவைக்கிற வரைக்கும் அது ஓயாது. கச்சா எண்ணெய்ல தனிக் கொழுப்பமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினா ஆலைக்கு விலை அடிபடும். அதனாலதான் வெட்டின 24 மணி நேரத்துக்குள்ள குலை ஆலைக்குப் போகணும்னு சொல்றது. அரிசி மாதிரி மூட்டை கட்டி வச்சு, நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. விக்கிறவன் கை அங்கேயே கட்டுப்பட்டுடுது.

அடுத்து விலை. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமான எம்பிஓபி ஒவ்வொரு நாளும் வட்டார வாரியா 1 விழுக்காடு ஓஇஆருக்கான விலையை வெளியிடுது. ஓஇஆர்ங்கிறது 100 கிலோ குலையில எத்தனை கிலோ எண்ணெய் வருதுங்கிற அளவு. கணக்குக்கு அந்த விலை 40 வெள்ளின்னு (ரிங்கிட்) வச்சுக்குவோம். உங்க பழத்துக்கு 20 போட்டா டன்னுக்கு 800 வெள்ளி. 19.4 போட்டா 776. அறிவிச்ச விலையில ஒரு காசு மாறல, ஆனா டன்னுக்கு 24 வெள்ளி போயிடுச்சு. 10 டன் லோரிக்கு 240.

ஏன் 24ன்னு சொல்றேன்னா, அடுத்த ஆலை 40 கிலோமீட்டர் தள்ளி இருந்து, அங்க கொண்டுபோக லோரிக் கூலி டன்னுக்கு 25 வெள்ளி கூடுதலா ஆகும்னு வையுங்க. பக்கத்து ஆலை 24 வெள்ளி வரைக்கும் குறைச்சாலும் பழம் பக்கத்து ஆலைக்குத்தான் போகும். 26 குறைச்சாதான் லோரி திரும்பும். அந்த 25 வெள்ளிதான் வேலி. அதை எந்தச் சட்டமும் கட்டல, தூரம் கட்டினது. வருஷக் கடைசி நோக்கி விளைச்சல் உச்சத்துக்கு ஏறுறப்ப வேலி இன்னும் உயரும், ஏன்னா தூரத்து ஆலையில லோரி வரிசை ராத்திரி வரைக்கும் நிக்கும், பழமும் கெடும்.

குறைப்பு ஓஇஆர்ல மட்டும் நடக்காது. ஆலையில பழத்தைத் தரம் பார்க்குற கிரேடிங்ல காய்க்குலை, 5 சென்டிமீட்டருக்கு மேல நீளமான காம்பு, மண்ணு, ஈரம்னு ஒவ்வொண்ணுக்கும் பிடித்தம் இருக்கு. காம்பை ஒழுங்கா வெட்டாம அனுப்பினா பிடித்தம் நியாயமானதுதான். ஆனா அந்தத் தாளை யாரு எழுதுறாங்கன்னு பாருங்க. வாங்குறவங்களே எழுதுறாங்க. ரெண்டு ஆலை இருக்குற இடத்துல காம்புக்குப் பிடிக்கிறதும், ஒரே ஆலை இருக்குற இடத்துல பிடிக்கிறதும் ஒரே மாதிரி இருக்காது.

சரி, ரெண்டாவது ஆலை ஏன் வரல? மணிக்கு 45 டன் அரைக்கிற ஆலை, நாளைக்கு 20 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் ஓடினா 2,70,000 டன் குலை வேணும். ஹெக்டருக்கு 18 டன் விளைஞ்சா 15,000 ஹெக்டர் நிலம். அந்த வட்டாரத்துல மொத்தமே அவ்வளவுதான் விளையும்னா, ரெண்டாவதா ஒருத்தர் வந்து ஆலை போட்டா ரெண்டு ஆலையும் பாதி நாள் சும்மா கிடக்கும். கொதிகலனுக்கும் கடனுக்கும் செலவு மட்டும் நிக்காது. தெரிஞ்சவன் யாரும் அந்தப் பணத்தைப் போடமாட்டான்.

ஆலை வைக்க எம்பிஓபி லைசன்ஸ் வேணும்ங்கிறது உண்மை. தம்பி அதைத் தூக்கிப் பிடிச்சு "பாருங்க, அரசாங்கம்"னு சொல்ல ஆசைப்படலாம். வேண்டாம். அந்த லைசன்ஸை நாளைக்கே எடுத்துட்டாலும் 15,000 ஹெக்டர் 30,000 ஆகாது. எதிரணி அந்த ஒரு கணக்கைப் போட்டா உங்க வாதம் படுத்துடும்.

வேலியைத் தாழ்த்துற வழி வேற. பழம் சேகரிக்கிற ரேம்ப் ரெண்டு மூணு இருந்து, சின்ன லோரியில வர்ற பழத்தைப் பெரிய லோரிக்கு மாத்தி தூரத்து ஆலைக்கு அனுப்பினா டன்னுக்கான கூலி 25லேருந்து இறங்கும். இறங்குற அளவுக்குப் பக்கத்து ஆலையும் விலையை ஏத்தியே ஆகணும். சிறுதோட்டக்காரங்க தனித்தனியா அனுப்பாம ஒரே நாள்ல வெட்டி ஒரே சுமையா அனுப்பினாலும் அதே பலன். ஒவ்வொரு சுமைக்கும் எடைச்சீட்டு, கிரேடிங் சீட்டு ரெண்டையும் கேட்டு வாங்கி வைக்கணும். மூணு மாசச் சீட்டை வரிசையா வச்சா, உங்க பழம் மோசமா, இல்ல ஓஇஆர் வேணும்னே தாழுதான்னு தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு, இது விக்கிறவன் ஏகபோகம் இல்ல, வாங்குறவன் ஏகபோகம். மேடையில பேசுற யாரும் இந்தப் பக்கத்தைத் தொடுறதில்ல, ஆனா தோட்டப்புறத்துல சனங்க வயித்துல அடிக்கிறது இதுதான்.

பிரிவு பத்து:

பெர்னாஸ் பற்றிக் கேட்டீர்கள். எண்களைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 1971 முதல் இருந்த அரசு அமைப்பான நெல் அரிசி வாரியம் 1994இல் பெர்னாஸ் என்ற நிறுவனமாக்கப்பட்டு, 1996 ஜனவரியில் தனியார்மயமானது. அதோடு அரிசி இறக்குமதியின் தனியுரிமையும் கூடவே போனது. முதலில் 2011 வரை, பிறகு 2021 வரை, இப்போது 2031 வரை. அரசு ஏகபோகம் அப்படியே தனியார் ஏகபோகமாக மாறியது. சந்தையில் போட்டியிட்டு யாரையும் வென்று வந்த இடம் அல்ல அது. உங்கள் அணிக்கு இதைவிட நேரான உள்நாட்டுச் சான்று இல்லை.

ஆனால் 2023ஐக் கவனமாகச் சொல்லுங்கள். அந்த ஆண்டு ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதித் தீர்வை போட்டது. செப்டம்பர் 1ஆம் தேதி பெர்னாஸ் இறக்குமதி வெள்ளை அரிசியை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏற்றியது. "ஏகபோகத்தால் 36 விழுக்காடு ஏற்றம்" என்று நீங்கள் முழங்கினால், எதிரணி உலக விலையைக் காட்டி உட்கார வைத்துவிடும்.

கூர்மையான வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளூர் வெள்ளை அரிசிக்கு அரசாங்க உச்சவிலை கிலோவுக்கு 2 ரிங்கிட் 60 சென். இறக்குமதி அரிசிக்கு உச்சவிலை இல்லை. இறக்குமதி விலை ஏறியதும் இடைவெளி விரிந்தது, மக்கள் அனைவரும் உள்ளூர் அரிசிக்குத் திரும்பினார்கள், கடைகளில் உள்ளூர் அரிசி காணாமல் போனது. உள்ளூர் அரிசியை இறக்குமதிப் பைக்கு மாற்றினால் லாபம் என்ற நிலைமை உருவானது. ஒரே வாசல் இறக்குமதி, அதோடு ஒரு பக்க விலைக் கட்டுப்பாடு. இரண்டும் சேர்ந்தபோது தட்டுப்பாடு வந்தது. பல இறக்குமதியாளர்கள் இருந்திருந்தால் தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடி, யார் மலிவாக வாங்குகிறார் என்ற ஒப்பீடாவது நமக்குக் கிடைத்திருக்கும். ஒரே இறக்குமதியாளர் இருக்கும்போது அவர் வாங்கிய விலை நல்ல விலையா என்று சொல்ல அளவுகோலே கிடையாது. பெர்னாஸ் பக்கம் பேசுபவர்கள், கையிருப்பு வைப்பது, விவசாயியிடம் உத்தரவாத விலைக்கு நெல் வாங்குவது போன்ற கடமைகளைச் சொல்வார்கள். அவை உண்மையான கடமைகள், மழுப்பாதீர்கள். அந்தக் கடமைகளைச் செய்ய இறக்குமதித் தனியுரிமைதான் வேண்டுமா, நேரடியாகச் செலவைக் கொடுத்தால் போதாதா என்று திருப்பிக் கேளுங்கள்.

தோட்டங்களுக்கு நெருக்கமான இன்னொன்று மைஈஜி, அரசாங்கச் சேவைகளை இணையத்தில் வழங்கும் தனியார் நிறுவனம். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் தற்காலிக வேலை அனுமதியை இணையத்தில் புதுப்பிக்கும் சேவை 2015இல் அதன் கைக்கு வந்தது. அந்தச் சேவைக்குக் காப்புறுதியும் தேவை. காப்புறுதி விற்பனையில் மைஈஜியும் ஒரு முகவர். வேறு இடத்தில் காப்புறுதி வாங்கி வந்தவர்களுக்கு வேறு நிபந்தனை வைத்தது என்று போட்டி ஆணையமான மைசிசி 2016இல் 2.27 மில்லியன் ரிங்கிட் அபராதம் விதித்தது. வழக்கு அதன்பிறகு மேல்முறையீடுகளில் நீண்டது. அரசாங்கம் ஒரு வாசலைத் திறந்து ஒருவரிடம் சாவியைக் கொடுத்தால், அவர் அடுத்த வாசலையும் பூட்டப் பார்ப்பார் என்பதற்கு இது உதாரணம். மைசிசி கேட்டது அந்த இரண்டாவது பூட்டைப் பற்றித்தான். முதல் சாவி ஏன் ஒருவரிடம் போனது என்பதை அந்த வழக்கு விசாரிக்கவில்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. 2023 டிசம்பரில் மைசிசி ஐந்து கோழித்தீவன நிறுவனங்களுக்கு மொத்தம் 415.5 மில்லியன் ரிங்கிட் அபராதம் போட்டது. 2020 தொடக்கத்திலிருந்து 2022 நடுப்பகுதி வரை சோயாவும் மக்காச்சோளமும் உள்ள தீவனத்தின் விலையை ஒருங்கிணைந்து ஏற்றினார்கள் என்பது அதன் முடிவு. கோழி வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய 70 விழுக்காடு தீவனம்தான். எந்த அமைச்சும் அவர்களைக் கூடிப் பேசச் சொல்லவில்லை. 1920இல் நூற்றுக்கணக்கான தோட்டங்களைக் கட்டிப்போட சங்கத்தால் முடியவில்லை. ஐந்து பேர் என்றால் ஒருவர் விலையை ஒருவர் கவனிப்பது எளிது. கிராணி ஐயாவின் சான்று நிறையப் பேர் இருக்கும் சந்தைக்கு வலுவானது, சிலரே இருக்கும் சந்தைக்கு அவ்வளவு வலு இல்லை.

வாடகைக்கார் செயலியான கிராப் அடுத்தது. 2018 மார்ச்சில் ஊபரின் தென்கிழக்காசியத் தொழிலை கிராப் வாங்கியது. சிங்கப்பூரின் போட்டி ஆணையம் அந்த இணைப்பையே விசாரித்து அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து 13 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது. நம்முடைய போட்டிச் சட்டம் 2010இல் நிறைவேறி 2012 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தபோது, நிறுவன இணைப்பைத் தடுக்கும் அதிகாரம் அதில் இல்லை. அதனால், கிராப் தன் ஓட்டுநர்களுக்கு வைத்த ஒரு விளம்பர நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு மைசிசி 2019 அக்டோபரில் 86.77 மில்லியன் ரிங்கிட் உத்தேச அபராதம் அறிவித்தது. எதிரணி இதைச் சொன்னால், அரசாங்கம் செய்ததால் வந்த ஏகபோகம் என்று உங்களால் சொல்ல முடியாது. அரசாங்கம் செய்யாமல் விட்டதால் வந்தது என்றுதான் சொல்ல முடியும்.

கம்பத்து ஃபைபர்:

இணையத்தைப் பத்தி யாரும் சொல்லல, நான் சுருக்கமா சொல்றேன். ஒரு தோட்டப்புற ஊருக்கு ரெண்டு கம்பெனி தனித்தனியா கம்பம் நட்டு ஃபைபர் இழுக்காது. 200 வீடு உள்ள தாமானுக்கு ஒரு கேபிளோட செலவே எழும்புறது கஷ்டம். ஆலைக் கணக்கு மாதிரியேதான். ஆனா இங்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கேபிள் ஒருத்தருடையதா இருக்கட்டும், அதுல மத்த கம்பெனியும் சேவை விக்கலாம், அதுக்கு மொத்தவிலை இவ்வளவுதான்னு தொடர்பு ஆணையம் கட்டாய விலைத் தரம் போட்டது. 2018ல அது நடப்புக்கு வந்ததும் அந்த வருஷத்துக்குள்ளேயே பிராட்பேண்ட் கட்டணம் கண்கூடா இறங்கிச்சு, வேகமும் ஏறிச்சு.

அஸ்ட்ரோ இதுக்கு எதிர்ப்பக்கம். செயற்கைக்கோள் கட்டணத் தொலைக்காட்சித் தனியுரிமை 2017ல முடிஞ்சது. அதுக்கப்புறம் அடுத்த செயற்கைக்கோள் கம்பெனி தட்டு மாட்ட வரிசையில நிக்கல. சந்தாதாரரை இழுத்தது இணையத்துல வர்ற படங்களும் பந்தாட்டமும்தான். தனியுரிமைத் தாள் காலாவதியானா போட்டி தானா வரும்னு மேடையில சொல்லிடாதீங்க. வாகனப் பரிசோதனையும் அதே மாதிரிதான். 1994லேருந்து புஸ்பாகோம் மட்டும் இருந்த தொழில் 2024ல மத்தவங்களுக்கும் திறந்துச்சு, நல்ல விஷயம். ஆனா புது நிலையம் முதல்ல லோரி நிறைய ஓடுற பெரிய ஊர்லதான் வரும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போற தோட்டத்து லோரிக்கு, எத்தனை கிலோமீட்டர் போகணும்ங்கிறதுதான் கேள்வி.

செம்மண்சாலை:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும்னு எதிர்பார்க்கல. ஆனா இப்ப ஒரு சிக்கல். ஆலையையும் தீவனத்தையும் கிராப்பையும் ஒத்துக்கிட்டா என் அணி தோத்துடுமே? ஒத்துக்காம விட்டா பொய் சொல்ற மாதிரி ஆயிடும். வாதத்தை எப்படிக் கட்டுறது?

பழைய கிராணி:

ஒத்துக்கொள்ளுங்கள். "ஏகபோகம் பிறப்பதே அரசாங்கத்தால்" என்று பேசினால் தோற்பீர்கள். "நிலைப்பது அரசாங்கத்தால்" என்று பேசினால் நிற்கலாம். தலைப்பிலேயே 'வளர்வது' என்று இருக்கிறது, 'பிறப்பது' என்று இல்லை. ஆலையின் வேலி 25 வெள்ளி உயரம் என்று ரேம்ப் கணக்கு காட்டினார். அதற்கு மேல் அந்த ஆலை ஒரு வெள்ளி கேட்டால் லோரி திரும்பிவிடும். அரிசி இறக்குமதிக்கு அப்படி ஓர் உயரம் கிடையாது. எவ்வளவு கூலி கொடுத்தாலும் நீங்களோ நானோ ஒரு கப்பல் அரிசியைச் சொந்தமாக இறக்க முடியாது. சந்தையின் வேலியைக் காசு கொடுத்துத் தாண்டலாம், சட்டத்தின் வேலியைத் தாண்டினால் குற்றம். இந்த ஒரு வேறுபாட்டின் மேல் முழுப் பேச்சையும் கட்டுங்கள்.

தோட்டக் கடையை எதிரணி எடுக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் ஒரே கடை, கடன் புத்தகம், சம்பளத்தன்று கடைக்காரர் வாசலில் நிற்பார். அரசாங்க லைசன்ஸ் யாரையும் தடுக்கவில்லை, நிலம் கம்பெனியுடையது, அவ்வளவுதான். அதற்குப் பதில், ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே கம்பெனிக்கு ஒரே பட்டாவில் எழுதிக்கொடுத்தது யார் என்று கேட்பது. காலனி அரசாங்கம். இதை வற்புறுத்தாதீர்கள், எதிரணி இழுத்தால் மட்டும் போதும்.

ரேம்ப் கணக்கு:

ஐயா சொன்ன வேறுபாடு அழகா இருக்கு, ஆனா ஒரு இடத்துல இடிக்குது. டன்னுக்கு 24 வெள்ளி சின்னத் தொகையா தெரியலாம். மாசத்துக்கு 6 டன் வெட்டுற சிறுதோட்டக்காரருக்கு அது வருஷத்துக்கு 1,728 வெள்ளி. ஒரு வருஷ உரச் செலவுல பெரும்பங்கு அதுல அடங்கிடும். உரம் குறைஞ்சா ரெண்டு வருஷம் கழிச்சு விளைச்சல் விழும், அப்புறம் பேரம் பேசுற பலமும் சேர்ந்து விழும். தாண்டக்கூடிய வேலின்னு சொல்லி அதை லேசாக்கிடாதீங்க. உங்க அணி ஜெயிக்கணும்னு இந்த ஆளுங்க கஷ்டத்தைக் குறைச்சுப் பேசினா சபையில முன் வரிசையில உட்கார்ந்திருக்கறவங்களே ஏத்துக்கமாட்டாங்க.

பிரிவு பத்து:

ரேம்ப் கணக்கு சொல்வது சரி. அதற்கு ஒரு சட்டப் பக்கமும் உண்டு. போட்டிச் சட்டத்தின் பிரிவு 10 விற்பனை விலைக்கு மட்டும் உரியதல்ல, ஆதிக்க நிலையில் உள்ளவர் நியாயமற்ற கொள்முதல் விலையைத் திணிப்பதையும் அது குறிப்பிடுகிறது. பொதுவாக 60 விழுக்காட்டுக்கு மேல் சந்தைப் பங்கு இருந்தால் ஆதிக்கம் இருப்பதாக மைசிசியின் வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. ஆனால் 'சந்தை' எது என்பதுதான் முதல் சண்டை. நாடு முழுவதும் என்று வைத்தால் அந்த ஆலையின் பங்கு ஒரு விழுக்காடுகூட வராது. 24 மணி நேரத்தில் லோரி போகக்கூடிய வட்டம் என்று வைத்தால் 80 வரலாம். பழம் கெடும் வேகம், லோரிக் கூலி, அடுத்த ஆலைகளின் தூரம், மூன்று மாதச் சீட்டுகள் இவை நான்கும் கையில் இருந்தால்தான் சின்ன வட்டத்தை நிறுவ முடியும். விலை குறைவு என்று மட்டும் எழுதி அனுப்பும் புகார் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு ஆலைகள் சேர்ந்து ஓஇஆரைப் பேசி வைத்துக்கொண்டால் அது பிரிவு 4, அங்கே சந்தைப் பங்குக் கணக்கு இரண்டாம் பட்சம். அபராதம் மீறல் நடந்த காலத்தின் உலகளாவிய விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை போகலாம். கூட்டுக்குள் இருந்தவர் முதலில் வந்து ஒத்துக்கொண்டு விவரம் கொடுத்தால் பிரிவு 41இன்படி முழு அபராதமும் குறைக்கப்படலாம். கூட்டுகள் உடைவதற்கு அந்தப் பயம் பெரிய காரணம்.

மேடைக்குப் போகுமுன் ஒன்று. தீவன வழக்கையும் கிராப் வழக்கையும் எதிரணி சொல்லும்போது "குற்றம் நிரூபணமானது" என்று சொன்னால் உடனே குறுக்கிடலாம். தீவன நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, கிராப் விஷயத்தில் அறிவிக்கப்பட்டது உத்தேச முடிவு. மைஈஜியைச் சொல்லும்போது நீங்களும் அதே அளவுகோலில், "மைசிசி முடிவு செய்தது" என்று மட்டும் சொல்லுங்கள். நேரம் ஏழு நிமிடம் என்றால் ரப்பருக்கு மூன்று, அரிசிக்கு இரண்டு, மீதி இரண்டை எதிரணி எடுத்து வைப்பதற்குப் பதில் சொல்ல ஒதுக்குங்கள்.